மன்னிப்புக்கு ஒரு புள்ளி

ஞாயிறு காலை பத்து மணி லீக்குக்கு மொத்தம் நாற்பத்தோரு விதிகள். அவற்றில் நாற்பதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. பதினான்காவது விதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

லீக் என்றால் கார்ப் பந்தயம். கார் என்றால் கணினிக்குள் இருக்கிற கார். இருபத்திரண்டு பேர் இருபத்திரண்டு வீடுகளில், மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கைத் திருகி இறுக்கி, காலடியில் பெடல்களைப் பரப்பி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாதையில் ஓட்டுவார்கள். யாருக்கும் அடிபடாது. மானம் மட்டும் நிஜமாகவே போகும். அதற்குத்தான் விதிகள்.

விதிகளை எழுதியவர் எடிட்டர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவர் தொழில். வாரம் முழுக்க நாலு கேமராவில் எடுத்த கல்யாணங்களைப் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து நாலு கோணத்தில் யார் யாரை இடித்தார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. "கல்யாணத்துலயாவது அழறவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்யா" என்று ஒருநாள் நொந்துபோய்ச் சொன்னார். அன்றைக்கே பதினான்காவது விதியை எழுதினார்:

'லீக்கின் மைக்கில் மன்னிப்புக் கேட்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆவார். வழக்கு அத்துடன் முடியும். வீடியோ பார்க்கப்படாது. ஒரு புள்ளி.'

மறுத்து வீடியோவில் மாட்டினாலும் புள்ளி உண்டு. பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் ஒரு வருடம் வெளியே. காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவர் உள்ளே.

எடிட்டர் நினைத்தது, நல்லவர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள், தனக்கு வேலை குறையும் என்று. நடந்தது வேறு. ஒரே மாதத்தில் அந்த லீக்கில் மன்னிப்பு என்ற சரக்கே கிடைக்காமல் போனது. ஒருவரைச் சுவரோடு சேர்த்து அப்பிவிட்டு, "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்பார்கள். கணினிக்குள் காற்று கிடையாது. இன்னும் சிலர் இருமுவார்கள். ஊரையே இடித்துப் பேர் வாங்கிய பல் டாக்டர் மட்டும், ஒவ்வொரு தடவையும் நிதானமாக, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று நலம் விசாரிப்பார். அந்தக் குரல் கேட்டால், அன்றைக்கு யாரோ ஒருவருடைய பந்தயம் முடிந்துவிட்டது என்று பொருள்.

இவர்கள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவன்தான் பவ்யம்.

பவ்யம் என்பது லீக்கில் வைத்த பெயர். பிழைப்புக்கு அவன் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே பேச வேண்டியதெல்லாம் அச்சடித்த தாளில் இருக்கும். அழைப்பு வந்த பத்து விநாடிக்குள் ஒரு சாரி, நடுவில் ஒன்று, வைக்கும் முன் ஒன்று. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு என்றால் நூற்றெண்பது சாரி. அவன் கண்ணால் பார்த்திராத மெஷின்கள், அவன் கட்டாத குழாய்கள், அவன் துவைக்காத சட்டைகள் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. ஞாயிறு விடுமுறை அவனுக்குத்தான் கிடைத்தது, அவன் வாய்க்குக் கிடைக்கவில்லை.

ஆகவே பின்னால் வந்து ஒருவன் இடித்தால், பவ்யம் "சாரி" என்றான். பக்கத்தில் இருவர் மோதிக்கொண்டால், அந்த வழியாகப் போன தோஷத்துக்கு ஒரு "சாரி". ஒருதடவை டாக்டர் யாருமே இல்லாத இடத்தில் தானாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றார். அரை கிலோமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்த பவ்யம், "ஐயோ சாரி டாக்டர்" என்றான். விதி விதிதான். அதற்கும் ஒரு புள்ளி.

சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது அவன் கணக்கில் பதினொன்று. இத்தனைக்கும் அவன் யாரையும் ஒருதடவைகூட இடித்ததில்லை.

"இதைப் போய் சீரியஸா எடுத்துக்கிட்டு..." என்று வெளியாட்கள் சொல்லலாம். அவனுக்கு அப்படி இல்லை. ஆறு நாள் அவன் காதில் விழுவதெல்லாம் கத்தல். அவன் எதைச் செய்தாலும் எங்கேயோ ஒரு மெஷின் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். ஞாயிறு காலை அந்த ஒரு மணி நேரம் மட்டும், அவன் இடப்பக்கம் திருப்பினால் கார் இடப்பக்கம் போனது. வாரத்தில் அவன் பேச்சைக் கேட்கிற ஒரே பொருள் அந்த ஸ்டீயரிங்தான். அதை ஒரு வருடம் பறித்துக்கொள்வதென்றால் சும்மாவா?

காப்பாற்றும் பொறுப்பைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மற்றவர்கள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்தே கால் தேய்ந்தவள். அண்ணன் பந்தயம் ஓட்டும்போதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதிப்பாள்.

"மைக்கை அமுக்கி வச்சுட்டு ஓட்டேன், யாருக்குக் கேக்கும்?" என்றாள் முதலில்.

"ஒன்பதாவது விதி. மைக் திறந்தே இருக்கணும். பாதையை விட்டுப் போனவன் திரும்ப உள்ள வரும்போது சத்தமாச் சொல்லணும்ல."

"அப்ப வாயைத்தான் பூட்டணும்."

சொல்லிக்கொண்டே அவன் காலை நங்கென்று மிதித்தாள்.

"சாரி" என்றான் அவன்.

"டேய், மிதிச்சது நான்டா!"

"அதான்... கால் நடுவுல இருந்துச்சுல்ல."

தங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நோய் முற்றிய நிலை என்பது அவளுக்குப் புரிந்தது.

சூயிங்கம் கொடுத்துப் பார்த்தாள். அதை மென்றுகொண்டே சாரி சொன்னான், கொஞ்சம் இனிப்பாக வந்தது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னாள். மூன்றாவது சுற்றில் யாரோ உரசியதும் அத்தனையும் கீபோர்டில் போய் விழுந்தது. காலியான வாயால் அவன் செய்த முதல் காரியம், கீபோர்டிடம் மன்னிப்புக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வழி கிடைத்தது. "எங்கிட்ட கத்துக்க வர்றவங்கள்ட்ட, பிரேக்கைத் திடீர்னு மிதிக்காதீங்கன்னு சொன்னா உடனே மிதிப்பாங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்கன்னு சொன்னா எடுத்துடுவாங்க. கூடாதுங்கறது மண்டையில ஏறாது. பதிலுக்கு வேற ஒண்ணைக் குடுக்கணும். உனக்கு எப்ப சாரி வந்தாலும் நன்றின்னு சொல்லு."

"நன்றியா?"

"மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, புள்ளியும் விழாது. எங்க, காலை நீட்டு."

மிதித்தாள். "சா... நன்றி" என்றான். இருபதாவது மிதிக்கு 'சா' உதிர்ந்துபோய்ச் சுத்தமான நன்றி வந்தது. கால் வீங்கியிருந்தது. தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

மருந்து வேலை செய்தது, கொஞ்சம் கூடுதலாகவே. வியாழக்கிழமை ஆபீசில், வீட்டுக்குள் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்பதாகக் கதறிய ஒரு அம்மாவிடம், "ரொம்ப நன்றி மேடம்" என்றான். பதிவைக் கேட்ட சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, நக்கலா?"

"நன்றி சார்."

"போ... போய் முகத்தைக் கழுவிட்டு வா."

ஞாயிறு வந்தது. காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, மேசையில் ஸ்டீயரிங்கை மாட்டினான். பக்கத்தில் தங்கை, கையில் ஒரு நோட்டு, அதில் கொட்டை எழுத்தில் 'நன்றி'.

முப்பது சுற்றுப் பந்தயம். இருபத்தொன்பது சுற்று அவன் ஓட்டியதைப் பார்த்திருந்தால் வாஷிங் மெஷின்கூட எழுந்து நின்றிருக்கும். நாலாவது இடம். மூன்று தடவை பின்னாலிருந்து உரசல், மூன்று நன்றி. மூன்றாவதுக்கு, உரசியவரே குழம்பிப்போய், "இருக்கட்டும் இருக்கட்டும்" என்றார்.

கடைசிச் சுற்று. அவனுக்கு முன்னால் மூன்றாவது இடத்தில் மருந்துக்கடை அக்கா. சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணுகிற நிதானத்தோடு ஓட்டுபவர். பின்னால் ஐந்தாவதாகப் பல் டாக்டர். எதிரே கடைசி வளைவு, கொண்டை ஊசி. நூறு மீட்டர் என்று எழுதிய பலகை வந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும். இருபத்தொன்பது தடவை சரியாக மிதித்த இடம்.

பவ்யம் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி முழுக்க டாக்டர். இவ்வளவு பக்கத்தில் டாக்டரைப் பார்த்தவர்கள் யாரும் பல்லோடு திரும்பியதில்லை. இடிக்கப் போகிறார், இதோ, இப்போது, என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டிருந்ததில் பலகை போய்விட்டது.

தங்கை தரையை மிதித்தாள். அவன் பெடலை மிதித்தான். அவள்தான் முந்திக்கொண்டாள். அவன் கார் நேராகப் போய் அக்காவின் பின்பக்கத்தில் இறங்கியது. இரண்டு கார்களும் சேர்ந்து சுற்றிச் சரளைக்குள் போய்ப் புழுதியைக் கிளப்பின.

"யாருய்யா அது பின்னாடி?" என்று அக்காவின் குரல்.

பவ்யத்தின் வாய் திறந்தது. தங்கை நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நன்றிக்கா!"

"எதுக்குப்பா நன்றி?"

அந்தப் புழுதிக்கு நடுவே, ஒரு கீறல்கூட இல்லாமல் மூன்றாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டிய கார் ஒன்றிலிருந்து கனிவான குரல் வந்தது:

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

அவ்வளவுதான். இருபது மைக்குகளிலும் ஒரே நேரத்தில் பெருமூச்சு. யார் செய்தது என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பந்தயம் முடிந்து அரை மணி நேரத்தில் விசாரணை. எல்லோரும் மைக்கில் கூடினார்கள். எடிட்டர் வீடியோவை ஓட்டினார். இன்டர்நெட் வழியாகப் பதிவாகிற வீடியோவில் ஒரு கோளாறு உண்டு. கார்கள் சில சமயம் ஒரு கணம் திக்கி, ஒரு முழம் முன்னால் குதிக்கும். வளைவுக்குச் சற்று முன்னால் டாக்டரின் கார் அப்படி ஒரு குதி குதித்து, மூக்கைப் பவ்யத்தின் முதுகில் வைத்துவிட்டுத் திரும்பியது. அடுத்த கணம் பவ்யம் அக்காவின் மேல்.

"படத்துல தெளிவா இருக்கு. டாக்டர் இடிச்சாரு, அந்த வேகத்துல இவன் போய் அக்காவை இடிச்சான். டாக்டர், மூணாவது இடம் கேன்சல்."

"நான் தொடவே இல்லைங்க!"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை சொன்னது பொய். இந்தத் தடவை நிஜம்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"தொடலன்னா அப்புறம் எதுக்கு நலம் விசாரிச்சீங்க?" என்றார் அக்கா.

"நிஜமாவே நல்லா இருக்கீங்களான்னுதாம்மா கேட்டேன்!" டாக்டரின் குரல் உடைந்தது. "ஏழு வருஷமா ஓட்டுறேன். இன்னைக்குத்தான் ஒருத்தரையும் தொடாம மூணாவது வந்தேன். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

மறுபடியும் சிரிப்பு. தங்கை மேசைக்கடியில் அண்ணன் காலைத் தட்டினாள். "தப்பிச்சடா" என்று வாயசைத்தாள்.

பவ்யம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் யாராவது இடித்தால் ஸ்டீயரிங் வெடுக்கென்று கையை உதறும். டாக்டரிடம் அவன் இடி வாங்காத வாரமே கிடையாது. அந்த உதறல் அவன் மணிக்கட்டுக்கு டாக்டரின் கையெழுத்து மாதிரி. இன்றைக்கு எதுவும் உதறவில்லை. வீடியோவுக்குத் தெரியாதது அவன் கைக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

"பவ்யம், உன் தரப்புல ஏதாவது இருக்கா? இல்லன்னா தீர்ப்பை எழுதிடுறேன். எனக்கு ரெண்டு கல்யாணம் பாக்கி கிடக்கு."

'இல்லை' என்றால் போதும். அதுகூட வேண்டாம், இருமினால் போதும். தங்கை நோட்டை அவன் மூக்குக்கு முன்னால் பிடித்திருந்தாள்.

வாயைத் திறந்தான். விசித்திரம் என்னவென்றால், வார்த்தை வரவில்லை. ஒரு நாளைக்கு நூற்றெண்பது தடவை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வாரி இறைத்த அதே வார்த்தை. பிறர் செய்ததற்கெல்லாம் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தது, தான் செய்ததற்கு என்றதும் தொண்டையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு கூட்டல் கணக்கு வேறு ஓடியது: பதினொன்றும் ஒன்றும்.

டாக்டர் மைக்கில் மூக்கை உறிஞ்சினார்.

"சாரிக்கா" என்றான் பவ்யம். "இடிச்சது நான்தான். நூறு மீட்டர் பலகையைப் பாக்கல. கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். டாக்டர் என்னைத் தொடவே இல்ல. வீடியோ குதிக்குது, அவ்வளவுதான்."

தங்கை நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, நிஜமாத்தான் சொல்றியா? இல்ல வாய் தவறி வந்துடுச்சா?" என்றார் எடிட்டர்.

"நிஜமாத்தான் சார். இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம்தான் வாய் தவறினது."

எடிட்டர் தனக்கே பிடிக்காத ஒரு குரலில் படித்தார். "பதினாலாவது விதி. டாக்டருக்கு மூணாவது இடம் உறுதி. பவ்யத்துக்கு ஒரு புள்ளி. மொத்தம் பன்னண்டு. ஒரு வருஷம் வெளிய."

"எடிட்டரே, இடி வாங்குன நானே சும்மா இருக்கேன்" என்றார் அக்கா. "உண்மையைச் சொன்னவனை வெளிய தள்ளிட்டு, இருமுறவங்களை வச்சு லீக் நடத்தப் போறீங்களா?"

"எழுதினது நான்மா. நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

அப்போது புதிய குரல் ஒன்று உற்சாகமாக நுழைந்தது. "வணக்கம், நான் காத்திருப்போர் பட்டியல்ல முதல் ஆளு. ஸ்டீயரிங் ரெடியா இருக்கு. எப்ப வரணும்?"

"கொஞ்சம் சும்மா இருய்யா" என்றார்கள் நாலைந்து பேர்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம். அந்த மழை ரேஸ் ஞாபகம் இருக்கா? பவ்யம் சுவத்துல போய் முட்டி, அவனே புள்ளியும் வாங்குனான்ல."

"ஆமா, ஆறாவது புள்ளி."

"அதுல வந்து... அன்னைக்கு அவன் பின்னாடி வந்தது... ஒரு மாதிரி... மழை வேற..."

"டாக்டர், அதெல்லாம் முடிஞ்ச கதை. நாப்பத்தெட்டு மணி நேரம் தாண்டிடுச்சு."

"அது புகார் குடுக்கறதுக்கு. மன்னிப்புக்குக் கெடு போட்டிருக்கீங்களா?"

மைக்கில் காகிதம் புரளும் சத்தம். எடிட்டர் நாற்பத்தோரு விதிகளையும் முதல் தடவையாக முழுசாகப் படித்தார்.

"போடல" என்றார் கடைசியில். "யாராவது கேப்பாங்கன்னு எதிர்பாக்கல. சரி, செல்லும். நீங்க ஏத்துக்கிட்டா அந்தப் புள்ளி உங்க கணக்குக்கு மாறும். ஆனா அந்த வார்த்தையைச் சொல்லணும். மழை, காத்து எதுவும் எடுபடாது."

டாக்டர் மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது.

நியாயமாகப் பார்த்தால் அவர் மேலும் தப்பில்லை. இருபத்தைந்து வருடத் தொழில். பிறத்தியார் வாயில் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும்போது டாக்டர் 'சாரி' என்று சொன்னால் நோயாளி நாற்காலியோடு எழுந்து ஓடிவிடுவார். கை நழுவினாலும், "அவ்வளவுதான், முடிஞ்சுது, நல்லா இருக்கீங்களா?" என்றுதான் சொல்ல வேண்டும். புகார்ப் பிரிவுக்காரனுக்கு எது தினப்படிச் சம்பாத்தியமோ, அது அவருக்குத் தொழில் துரோகம். வாயைத் திறக்கச் சொல்லியே வாழ்ந்தவருக்குத் தன் வாய் திறக்கவில்லை.

"அன்னைக்கு நான்... பவ்யம், நீ இப்ப நல்லா இருக்கியாப்பா?"

"செல்லாது" என்றார் எடிட்டர்.

"வருத்தம்னு வச்சுக்கலாமா?"

"செல்லாது."

அரை நிமிடம் கழிந்தது. யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசிலடித்தது. பவ்யத்துக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அதை மறுமுனையில் இருந்து கேட்டிருக்கிறான். எதையோ சொல்ல வந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மனிதர்கள் மூச்சு விடுகிற மௌனம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். குரல் தானாக இதமானது.

"அவசரமே இல்ல சார். நிதானமாச் சொல்லுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன்."

மரத்துப்போக ஊசி போடாமல் பிடுங்கிய கடைவாய்ப் பல்லைப் போல, அந்த வார்த்தை டாக்டரிடமிருந்து வேரோடு வந்தது. வந்த பிறகு அவருக்கே ஆச்சரியம். "பரவால்லயே, அவ்வளவா வலிக்கல" என்றார்.

"பவ்யம் பதினொண்ணு, உள்ளதான். டாக்டர் எட்டு" என்று எடிட்டர் எழுதிக்கொண்டார். "வேற யாரும் இன்னைக்கு உத்தமனாக வேணாம், தயவுசெஞ்சு. எனக்கு வேலை இருக்கு."

"அப்ப நான்?" என்றது காத்திருப்போர் பட்டியல், பரிதாபமாக.

அந்தக் குரலைக் கேட்டதும் பவ்யத்தின் நெஞ்சு இளகியது. முகத்தில் உருக்கம் பரவியது. உதடுகள் பிரிந்தன.

தங்கை எட்டி மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள்.